நாக்கின் நடு இடம்: ‘ரொறன்ரோ’ என்று நாம் ஏன் எழுதுகிறோம்?

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் விமானச்சீட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகளின் கண்ணாடியில் கனடாவின் பெரிய நகரத்தின் பெயர் ‘ரொறன்ரோ’ என்று இருக்கும். சென்னையில் அச்சாகும் வார இதழை அதே வீதியில் வாங்கிப் புரட்டினால் அந்த நகரம் ‘டொரண்டோ’ ஆகிவிடுகிறது. யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பலசரக்குக் கடைக்கு எழுதிக் கொடுக்கும் சிட்டையில் ‘ரோச் பற்றரி, பிஸ்கற் பக்கற், ரொபி’ என்று வரிசையாக வரும். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதிப் பக்கம் பூர்வீகமாக இந்தியாவிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்த குடும்பத்தில் அதே பொருட்கள் ‘டோச் பெட்டரி, பிஸ்கட் பெக்கட், டொபி’. கடைக்காரர் இரண்டு சிட்டைக்கும் ஒரே பொருளைத்தான் எடுத்துக் கொடுக்கிறார். எவரும் தடுமாறுவதில்லை.

தடுமாற்றம் தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பருக்குத்தான். ‘ரொறன்ரோ’வை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இது எந்த ஊர் என்று கேட்பார். டகரம் இருக்க ரகரத்தை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்பார். நம்மில் பலரே இதைப் பழைய ஆட்களின் எழுத்துப் பிழை என்று நினைத்து வெட்கப்படுகிறோம். வெட்கப்படத் தேவையில்லை. இந்த எழுத்துமுறைக்குள் தமிழ் ஒலியியலின் மிக அழகான வரலாறு ஒன்று இருக்கிறது. அது தொல்காப்பியம்வரை போகிறது. அதற்கான சான்றுகளில் பாதியை நம் வாய்க்குள்ளேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் நாக்கைக் கவனிப்போம். ‘பத்தி’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நாக்கு மேற்பல்லின் பின்புறத்தில் அகலமாகப் படியும். ‘பட்டி’ என்று சொல்லுங்கள். நாக்கின் நுனி பின்னோக்கி வளைந்து, அண்ணம் மேடாக எழும் இடத்தைத் தொடும். முதலாவது பல்லொலி, இரண்டாவது வளைநா ஒலி. இவை இரண்டும் எல்லாத் தமிழரிடமும் உண்டு.

இனி ‘பற்றி’ என்று சொல்லுங்கள். இங்கேதான் நாம் பிரிகிறோம். தமிழ்நாட்டில் ஏடு பார்த்துப் படிப்பவர் ‘பட்ரி’ என்பதுபோல், கடைசியில் ரகரம் ஒட்டச் சொல்வார். பேச்சில் ‘பத்தி’ என்றே சொல்லிவிடுபவரும் உண்டு. யாழ்ப்பாணத்து முதியவர் சொல்லும்போது ரகர வால் இருக்காது. நாக்கு நுனி பல்லையும் தொடாது, பின்னால் வளையவும் செய்யாது. மேற்பல்லுக்குச் சற்று மேலே, முரசின் திரண்ட விளிம்பில் நேராகப் போய் ஒட்டி, காற்றை அடைத்து, விடும். இதை நுனியண்ண ஒலி என்பார்கள். பத்தி, பற்றி, பட்டி என்று அவர் சொன்னால் மூன்றும் மூன்று சொல்லாகக் கேட்கும். நாக்கு நிற்குமிடமும் மூன்று.

ஆங்கிலத்தின் இருபதாவது எழுத்துக்கு இங்கிலாந்துக்காரரின் நாக்கு போய் நிற்பது இந்த நடு இடத்தில்தான். பல்லுக்கும் வளைவுக்கும் இடையே, முரசின் விளிம்பில். ரிக்கற், ரயர், ரொபி என்று நாம் எழுதும் சொற்களின் தொடக்க ஒலி அது.

ஒரு மொழியைப் பேசுபவரின் காது ஒலிகளை வகைபிரிப்பதைச் சந்தையில் மாம்பழம் தரம்பிரிப்பவரோடு ஒப்பிடலாம். அவரிடம் இரண்டு கூடை மட்டும் இருந்தால், எந்தப் பழம் வந்தாலும் இந்தக் கூடை அல்லது அந்தக் கூடை. இடைப்பட்ட பழம் வந்தாலும் மூன்றாவது கூடையை அவர் நினைப்பதில்லை, கிட்டியதில் போட்டுவிடுவார். சில நாளில் அந்தப் பழம் இடைப்பட்டது என்பதே அவர் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மொழியியலில் இந்தக் கூடைக்கு ஒலியன் என்று பெயர்: பொருளை வேறுபடுத்தும் ஒலி வகை. தமிழ்நாட்டுக் காதில் இந்த வரிசையில் இரண்டு கூடை, த், ட். யாழ்ப்பாணத்துக் காதில் மூன்று, த், ற்ற், ட்.

ஆங்கில ஒலி வந்தபோது இரண்டு கூடைக்காரர் அதை டகரக் கூடையில் போட்டார். தகரத்தில் போடாததற்கும் காரணம் உண்டு. தகரத்தை ஒலிக்கும்போது நாக்கின் அலகு அகலமாகப் படிகிறது. ஆங்கில ஒலிக்கும் டகரத்துக்கும் தொடுவது நுனி. அதனால் காது அந்த இரண்டையும் உறவாக எடுத்துக்கொள்கிறது. மேலும், ‘தியேட்டர்’ போன்ற சொற்களின் தொடக்க ஒலி தகரக் கூடையை ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. இந்தியிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட ‘டிக்கெட்’ வளைநா எழுத்தில்தான் தொடங்குகிறது. மூன்று கூடைக்காரருக்கு இந்தச் சிக்கலே எழவில்லை. வந்த பழத்துக்குப் பொருத்தமான கூடை வீட்டிலேயே இருந்தது.

கூடைகளின் எண்ணிக்கை பிறக்கும்போதே தீர்மானமாகிறதா? இதற்கு விடை சொன்ன ஆய்வு 1984இல் கனடாவிலிருந்து வந்தது. ஜனெட் வேர்க்கர், ரிச்சட் ரீஸ் என்ற இருவர் செய்தது. (சென்னையில் எழுதினால் இவர் ‘டீஸ்’.) ஆங்கிலம் மட்டும் பேசும் வீடுகளின் குழந்தைகளுக்கு இந்தி மொழியின் பல்லொலித் தகரத்தையும் வளைநா டகரத்தையும் ஒலிபெருக்கியில் கேட்கவைத்தார்கள். குழந்தை வாய் திறந்து விடை சொல்லாதே, எப்படித் தெரிந்துகொள்வது? அவர்கள் கையாண்ட வழி எளிமையானது. தாயின் மடியில் குழந்தை இருக்கும். ஒரே ஒலி திரும்பத் திரும்ப வரும். ஒலி மாறிய கணத்தில் பக்கத்திலுள்ள இருண்ட பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஒன்று ஆடும். சில தடவைகளில் குழந்தை பழகிவிடுகிறது. ஒலி மாறியதும், பொம்மை ஆடுவதற்கு முன்பே தலையைத் திருப்புகிறது. தலை திரும்பினால் அதற்கு வேறுபாடு கேட்டது. திரும்பாவிட்டால் கேட்கவில்லை.

ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் தலையைத் திருப்பின. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலதான் திருப்பின. இந்தி பேசும் வீட்டில் வளர்ந்த குழந்தைகளோ ஒரு வயதை நெருங்கும்போதும் தவறாமல் திருப்பின. அதாவது எல்லாக் கூடைகளோடும் பிறக்கிறோம். முதல் பிறந்தநாள் வருவதற்குள் வீட்டில் புழங்காத கூடைகளைக் காது மடித்து வைத்துவிடுகிறது. செவி பழுதாவதில்லை, கவனிப்புத்தான் மாறுகிறது. பெரியவரானபின் பயிற்சி எடுத்தால் ஓரளவு திரும்பப் பெறலாம். யாழ்ப்பாணத்து அம்மாவின் சிட்டையும் கொட்டாஞ்சேனைச் சிட்டையும் வேறுபடுவது பள்ளிக்கூடத்து ஆசிரியரால் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். எழுதுபவர் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே அந்த வேறுபாடு ஏற்பட்டுவிட்டது.

அடுத்த கேள்வி கொஞ்சம் பெரிது. யாழ்ப்பாணத்தாரிடம் இருக்கும் இந்த மூன்றாவது கூடை எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயரிடம் படித்த பழக்கமா, அமெரிக்க மிஷன் பள்ளிகளின் விளைவா? அப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ் நெடுங்கணக்கையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டால் அந்த வாதம் நிற்காது.

மூன்றாம் வகுப்பில் பாடமாக்கிய வல்லினத்தை நினைவுபடுத்துங்கள்: க, ச, ட, த, ப, ற. இதில் முதல் ஐந்தும் காற்றை முழுதாக அடைத்து விடும் ஒலிகள். ஆறாவது மட்டும், இன்று நாம் ‘அறை’, ‘மறை’ என்று சொல்கிறபடி பார்த்தால், உருளும் ஒலி. அதன் உடன்பிறப்புப்போல் கேட்கும் ரகரம் இடையினத்தில் இருக்க, றகரத்தை ஏன் வல்லினத்தில் வைத்தார்கள்? சின்னப் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் ‘அது அப்படித்தான்’ என்ற விடையோடு முடிந்துவிடும். பக்கத்தில் மெல்லினத்தையும் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வல்லினத்துக்கும் அதே இடத்தில் பிறக்கும் ஒரு மூக்கொலி இணை உண்டு: க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம. மீதியிருப்பது ற–ன. நகரமும் னகரமும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் தகரமும் றகரமும் தனித்தனி இடங்களில் அடைத்தன என்பதே. இலக்கணகாரர் கண்டபடி வரிசைப்படுத்தவில்லை. அவர்கள் காலத்தில் றகரம் ஓர் அடைப்பொலி.

பின் ஏன் ‘அறை’யில் உருள்கிறது? இதற்கும் தமிழே விடை வைத்திருக்கிறது. இரண்டு உயிருக்கு நடுவில் தனியே வரும் வல்லினம் எப்போதும் தளரும். ‘பகல்’ என்பதில் ககரம் ‘பக்கம்’ போல் இறுக்கமாக இல்லை. ‘படம்’, ‘பதம்’, ‘கபம்’ எல்லாவற்றிலும் இதே கதை. அடைப்பு இளகிவிடுகிறது. றகரம் இளகினால் நாக்கு நுனி முரசோரத்தில் படபடத்து உருள்கிறது. இரட்டித்தால் எல்லா வல்லினமும் தன் இறுக்கத்துக்குத் திரும்பும். நாடு, நாட்டில், காடு, காட்டில், ஆறு, ஆற்றில், சோறு, சோற்றில். நான்கும் ஒரே விதியில் ஓடுகின்றன. ரகரத்தை இதே சோதனையில் வையுங்கள்: ஊர், ஊரில்; நீர், நீரில். இரட்டிப்பதே இல்லை. தமிழ்ச் சொல்லில் ‘ர்ர’ வராது. இரண்டும் ஒரே குடும்பத்து ஒலிகளாக இருந்திருந்தால் ஒன்று இரட்டிக்க, மற்றது ஒதுங்கி நிற்குமா?

புணர்ச்சி விதிகள் நாக்கு நின்ற இடத்தையே காட்டிக் கொடுக்கின்றன. ‘கல்’ என்ற வினை ‘கற்க’ ஆகிறது. ‘கேள்’ என்பது ‘கேட்க’ ஆகிறது. ‘பொன்’ பொற்கொல்லர் ஆகிறது. ‘மண்’ மட்பாண்டம் ஆகிறது. வல்லினத்துக்கு முன் திரியும்போது லகரமும் னகரமும் எப்போதும் றகரமாகத் திரிகின்றன. ளகரமும் ணகரமும் எப்போதும் டகரமாகத் திரிகின்றன. லகரத்தைச் சொல்லி நாக்கை அப்படியே நிறுத்திப் பாருங்கள். முரசின் விளிம்பில் நிற்கும். அதே இடத்தில் காற்றை முழுக்க அடைத்தால் கிடைப்பது பழைய றகரம். ளகரத்திலிருந்து அதையே செய்தால் டகரம். இவ்வளவு ஒழுங்கு தற்செயலாக அமையாது.

தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லும் விவரமும் இதோடு பொருந்துகிறது. றகர னகரங்களுக்கு நாக்கு நுனி மேலெழுந்து அண்ணத்தை ‘ஒற்ற’ வேண்டும் என்கிறார். ரகர ழகரங்களுக்கு நாக்கு நுனி அண்ணத்தை ‘வருட’ வேண்டும் என்கிறார். ஒற்றுதல் அழுத்தித் தொடுவது. வருடுதல் தடவிக்கொண்டு போவது. இன்றைய ஒலியியல் பாடப்புத்தகம் அடைப்பொலி, வருடொலி என்று பிரிப்பதை அவர் இரண்டு வினைச்சொல்லில் முடித்துவிட்டார். ஆய்வுக் கருவி எதுவும் இல்லாத காலத்தில், தன் வாயையே கருவியாக்கி ஒருவர் இத்தனை நுட்பமாகக் கவனித்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

நெடுங்கணக்கின் வரிசையிலும் ஒரு தடயம் இருக்கிறது. ய, ர, ல, வ என்று முடிந்தபின் ழ, ள, ற, ன என்று நான்கு எழுத்துகள் கடைசியில் ஏன் நிற்கின்றன? பிராமி எழுத்து தமிழுக்கு வந்தபோது, வடக்கே பிராகிருதத்துக்குப் போதுமாயிருந்த எழுத்துகள் இங்கே போதவில்லை. தமிழின் தேவைக்கென்று சேர்ந்த நான்கும் வரிசையின் ஈற்றில் இடம்பிடித்தன. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெருநூலில் தொகுத்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் இந்த எழுத்துகளைத் தனி வடிவங்களோடு காணலாம். இருக்கும் ரகரமோ தகரமோ போதுமென்றிருந்தால் கல்வெட்டுவோர் றகரத்துக்குப் புதிய வடிவம் செய்யச் சிரமப்பட்டிருக்கமாட்டார்கள்.

உறவு மொழிகளின் சாட்சியம் இன்னும் நேரானது. மலையாளத்தில் மூன்று இடமும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. ‘குத்தி’ என்றால் குத்திவிட்டு; ‘குற்றி’ என்றால் முளை; ‘குட்டி’ என்றால் குழந்தை. மூன்றையும் மலையாளிகள் பிசகாமல் வேறுபடுத்துவார்கள். ஆங்கிலச் சொற்களை அவர்கள் எழுதும் முறையைப் பாருங்கள். ‘டிக்கற்’ என்பதன் ஈற்றில் டகரம் போடுவதில்லை. நம் ‘ற்ற’வுக்கு நேரான எழுத்தைப் போடுகிறார்கள். ‘இன்ரர்நெற்’ என்று நாம் எழுதும் சொல்லின் நடுவிலும் ஈற்றிலும் அவர்களும் நுனியண்ண எழுத்துகளையே போடுகிறார்கள். யாழ்ப்பாணமும் கேரளமும் ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை. ஒரே பழைய கூடை இரண்டிடத்திலும் தப்பியிருக்கிறது. நீலகிரியில் தோடர் பேசும் மொழியிலும் அது தப்பியிருக்கிறது. இப்படித் தூரதூர இருக்கும் பிள்ளைகள் பலரிடம் ஒரே அடையாளம் தென்பட்டால், அது தாயிடமிருந்து வந்ததென்று கொள்வதே ஒப்பிலக்கணத்தின் அடிப்படை. மூலத் திராவிட மொழியில் இந்த மூன்று அடைப்பொலிகளும் இருந்தன என்று அறிஞர்கள் மீட்டுருவாக்கியிருப்பது இந்த வழியில்தான்.

காதை மட்டும் நம்பி இதையெல்லாம் சொல்லக்கூடாது. கேட்பவரின் காதும் கூடைகள் உள்ள காதுதானே. அதனால் ஒலியியலாளர் நாக்கைப் படம்பிடிக்க வழி தேடினார்கள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் இருந்த பீற்றர் லடிஃபோகிட் உலகமெங்கும் கொண்டு திரிந்த முறை ஒரு கைப்பைக்குள் அடங்கும். கரித்தூளை ஒலிவ் எண்ணெயில் குழைத்துப் பேசுபவரின் நாக்கில் பூசுவார். அவர் ஒரு சொல்லை ஒருமுறை சொல்வார். உடனே வாய்க்குள் சிறு கண்ணாடியைப் பிடித்து அண்ணத்தைப் படம் எடுப்பார். நாக்கு தொட்ட இடத்தில் கரி ஒட்டியிருக்கும். பல்லடியில் கரி இருந்தால் பல்லொலி. முரசோரத்தில் இருந்தால் நுனியண்ணம். பின்னால் இருந்தால் வளைநா. இதற்கு அண்ணவரைவு என்று பெயர் வைக்கலாம். தோடரின் ஒலிகளை ஆராய்ந்தவர்களிலும் அவர் ஒருவர்.

1999இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பேர்ட், அபிகேல் கோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தையும் காந்த அதிர்வுப் படக்கருவியில் பார்த்தார்கள். மருத்துவமனையில் மூளையைப் படமெடுக்கும் அதே வகைக் கருவி. பேசுபவர் ஒருவரின் நாக்கு வாய்க்குள் எடுக்கும் முழு வடிவமும் அதில் கிடைத்தது. அண்ணவரைவும், நாக்கில் ஒட்டிய சிறு உணரிகளின் அசைவுப் பதிவும் கூடவே எடுக்கப்பட்டன. அவர்கள் ஆராய்ந்தது தமிழ்நாட்டுப் பேச்சு. யாழ்ப்பாணத்து ‘ற்ற’வுக்கு இதே கருவிகளோடு இதே பொறுமையோடு ஒரு முழு ஆய்வு வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கருவி இல்லாதவர்களுக்கும் வழியுண்டு. ஒலியை அலைகளாகப் பிரித்துக் காட்டும் மென்பொருள்கள் இப்போது இலவசம்; அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ப்ராட்’ அவற்றில் பெயர்பெற்றது. வாய்க்குள் இருக்கும் காற்றறையின் வடிவம் மாறும்போது அதில் எழும் ஒத்திசைவுகளும் மாறுகின்றன. திரையில் அவை கரும்பட்டைகளாகத் தெரியும். நாக்கு பின்னால் வளைந்தால் மூன்றாவது பட்டை இறங்கி இரண்டாவதன் அருகே வரும். முரசோரத்தில் நின்றால் அப்படி இறங்காது. ஒரு தொலைபேசிப் பதிவு தெளிவாக இருந்தால் போதும், வீட்டு மேசையிலேயே இந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

யாழ்ப்பாணப் பேச்சை முறையாக ஆராய்ந்தவர்கள் நமக்கு இருந்திருக்கிறார்கள். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழிலேயே நாடகங்கள் எழுதினார், ஒலியியலும் அறிந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் சுசீந்திரராசா இந்த வழக்கின் ஒலிகளையும் சொல்லமைப்பையும் விளக்கி எழுதினார். செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் 1966இல் இலங்கைத் தமிழின் கூறுகளைப் பற்றித் தனிக் கட்டுரையே வெளியிட்டார். ‘ற்ற’வில் ரகர வால் இல்லை என்பதற்குக் கொழும்பின் தெருப்பலகை ஒன்றும் சிறு துணை தருகிறது. திரையரங்குத் தொழிலின் முன்னோடியான சிற்றம்பலம் கார்டினரின் பெயரால் கோட்டைக்கு அருகே ஒரு மாவத்தை இருக்கிறது. அதில் ‘சிற்றம்பலம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது இருபதாவது எழுத்து இரண்டு முறை வரும், ரகரம் வராது. வெற்றிவேலு என்ற பெயரும் இங்குள்ள கடவுச்சீட்டுகளில் அப்படித்தான். தமிழ்நாட்டில் அதே ‘வெற்றி’யை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் ரகரம் நுழைந்துவிடுகிறது.

இதையெல்லாம் சொல்லி, யாழ்ப்பாணத் தமிழ் கலப்பில்லாத பழந்தமிழ், மற்றதெல்லாம் சிதைவு என்று முடிவுகட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு வழக்கு ஓரிடத்தில் பழையதைக் காப்பாற்றினால் இன்னோரிடத்தில் புதியதைச் செய்யும். ‘ஒன்று’, ‘மூன்று’, ‘இன்றைக்கு’ என்பவற்றில் பழைய நுனியண்ண ஒலி யாழ்ப்பாணத்தில் வளைந்து ‘ஒண்டு’, ‘மூண்டு’, ‘இண்டைக்கு’ ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் ‘இன்றைக்கு’ என்பது ‘இன்னைக்கு’ ஆகி முரசோரத்திலேயே நிற்கிறது. இந்தச் சொல்லில் நாக்கு இடத்தைக் காத்தது தமிழ்நாடு. வெற்றிலை இரு கரையிலும் ‘வெத்திலை’தான். சிற்றப்பா இரு கரையிலும் ‘சித்தப்பா’தான். கொட்டாஞ்சேனைக் காது தவறான காது என்று எவரும் சொல்ல முடியாது. அது தன் வீட்டில் கேட்டதைச் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

எழுத்துமுறைக்குத் திரும்புவோம். ‘ரிக்கற்’ என்ற சொல்லில் தொடக்கத்தில் ரகரமும் ஈற்றில் றகரமும் ஒரே ஒலியைக் குறிக்கின்றன. ‘ரொறன்ரோ’வில் முதல் ரகரமும் ‘ன்ரோ’வில் உள்ள ரகரமும் அடைப்பொலி, நடுவில் நிற்கும் றகரம் உருளொலி. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் இடம் பார்த்துப் படித்தால் ஒரு விதி கிடைக்கிறது. ஈற்றில் ‘ற்’ வந்தாலும் நடுவில் ‘ற்ற’ வந்தாலும் அடைப்பு: பக்கற், பற்றரி. ‘ன்ர’, ‘ஸ்ர’ என்று மெய்க்குப் பின்னால் ரகரம் வந்தாலும் அடைப்பு: இன்ரர்நெற், ஸ்ரோர்ஸ். உயிருக்கு நடுவே தனியே வந்தால் இரண்டும் உருளும். இதில் முதற்பகுதி தொல்காப்பிய றகரத்தின் நேரடி வாரிசு. மெய்க்குப் பின்வரும் ரகரத்துக்கு ‘என்ரை’, ‘உன்ரை’ என்று யாழ்ப்பாணப் பேச்சை எழுதும் வழக்கம் துணை நின்றிருக்க வேண்டும். அங்கேயும் நாக்கு முரசில் ஒட்டித்தான் விலகுகிறது.

தொல்லை தருவது சொல்லின் முதலெழுத்து. ‘ரயர்’ என்பதில் ரகரம் அடைப்பொலி, ‘ரயில்’ என்பதில் உருளொலி. இரண்டையும் பழக்கத்தால் அறிந்தவர்தான் சரியாகப் படிப்பார். றோட்டு, றப்பர் என்று உருளொலிக்கு றகரத்தை ஒதுக்கியதால், அடைப்பொலிக்கு மிஞ்சிய ரகரத்தை எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. அது நல்ல தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். கொழும்புப் பாடசாலைகளில் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் மலையகப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். முதலெழுத்தில் டகரத்தை எழுதச் சொல்வதில் பெரிய நட்டம் இல்லை. மலையாளமும் அதைத்தான் செய்கிறது. ஆனால் ‘பக்கற்’றையும் ‘பற்றரி’யையும் சிவப்பு மையால் சுழிப்பது அநியாயம். அங்கே பிள்ளை தன் காதில் விழுந்ததைத் தமிழின் பழைய எழுத்தால் துல்லியமாகப் பதிந்திருக்கிறது. இரண்டு வடிவத்தையும் படிக்கத் தெரிந்த ஆசிரியரே அந்த வகுப்புக்குத் தேவை.

கணினிக்கும் இதே கல்வி தேவைப்படுகிறது. தமிழ் எழுத்தை வாசிக்கும் மென்பொருள் தமிழ்நாட்டு ஏடுகளை மட்டும் உண்டு வளர்ந்திருந்தால் ‘ரொறன்ரோ’வை எழுத்துக்கூட்டி உருட்டும், கனடாவிலுள்ள மாநகரோடு அதை இணைக்கத் தெரியாது. தரவை மட்டும் நம்பாமல் விதிகளை எழுதிக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் ஜிஹான் டயஸ், ஜேர்மனியின் மிரியம் பட் ஆகியோர் உருவாக்கிய தமிழ்ச் சொற்பகுப்பி விதிகளால் ஆனது. மேலே நான் சொன்ன இட விதிகளும் அப்படி எழுதக்கூடியவைதான்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று வெள்ளவத்தையின் தொடர்மாடிகளுக்குள் காத்திருக்கிறது. ஒரே வீட்டில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த அம்மம்மா, கொழும்பில் வளர்ந்த மகள், ஆங்கிலமொழிமூலப் பாடசாலைக்குப் போகும் பேத்தி என்று மூவர் இருக்கிறார்கள். பேத்தியின் காதில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியின் ‘வெட்ரி’யும் விழுகிறது, சிங்களமும் விழுகிறது, அம்மம்மாவின் ‘வெற்றி’யும் விழுகிறது. அவளிடம் இப்போது எத்தனை கூடை? மூவரையும் காலி வீதி இரைச்சல் எட்டாத பின்னறையில் இருத்தி, த்த, ற்ற, ட்ட வரும் சொற்களைப் பதிந்து, மூன்றாவது பட்டையை அளந்தால் தெரிந்துவிடும். கொட்டாஞ்சேனையில் மூன்று தலைமுறை வாழும் வீடொன்றிலும் அதையே செய்து பக்கத்தில் வைக்கவேண்டும். செய்பவர்களுக்கு ஒரு சொல்: சொற்களைத் தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்தைக் கண்டதும் நாக்கு பள்ளிக்கூட ஒழுங்குக்குப் போய்விடும். முற்றம், நெற்றி, புற்று, ஆற்றில் நிற்கும் மாடு என்று படங்களைக் காட்டி, இது என்ன என்று கேளுங்கள்.